கெம்போவின் எருமை

ஜூன் 2, ஞாயிறு

மாட்டுத்தீவனக் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி. ஐந்து மாதமாக டி.வி. மேசையின் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தது. இன்று உருவி எடுத்தேன். போன வாரம் பேசியதையே இந்த வாரமும் பேசினேன் என்று மிருதுளா சொல்லிவிட்டாள். "அப்பா, இத நீங்க போன ஞாயித்துக்கெழமையே சொல்லிட்டீங்க." இனி எழுதி வைத்துக்கொண்டு பேசலாம். மேசை ஆடுகிறது. ஆடட்டும்.

டைரி வேறு யார் கையிலாவது சிக்கினால் குழப்பம் வேண்டாம். மிருதுளா என் ஒரே மகள். கோயமுத்தூரில் வேலை, விடுதியில் வாசம். ஞாயிறு பதினோரு மணிக்குப் போன் செய்வாள். அதற்குள் 'நாரைத் தீவு' தொடரின் புது எபிசோடை அவள் அங்கே பார்த்திருப்பாள், நான் இங்கே கோபிசெட்டிபாளையத்தில் பார்த்திருப்பேன். பிறகு அதைப் பற்றிப் பேசுவோம். முன்பெல்லாம் முக்கால் மணி நேரம் போகும். மற்ற நாட்களில் எங்கள் பேச்சு "சாப்டீங்களாப்பா", "ஆச்சு கண்ணு", "சரிங்கப்பா வெச்சர்றேன்" என்பதோடு சரி. தொடர் இல்லாவிட்டால் ஞாயிறும் அப்படித்தான் ஆகும். ஆகவே இந்தத் தொடர் எனக்கு அவசியம்.

தொடர் என்பது ஜப்பான்காரர்கள் எடுத்த பொம்மைப்படம். இசகு என்ற பையன், காணாமல் போன அக்காவைத் தேடித் தீவு தீவாகப் போகிறான். கெம்போ என்ற படகோட்டி அவனை அழைத்துப் போகிறார். எனக்குக் கெம்போவைப் பிடிக்கும். தலையில் பெரிய ஓலைத் தொப்பி. எப்போதாவது வாயைத் திறந்து "காற்று மாறுது" என்பார். மறுபடி மூடிக்கொள்வார்.

பால் குளிரூட்டும் நிலையத்தின் பொறுப்பாளர், ஐம்பத்தைந்து வயதுக்காரர், இதைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நிலையத்தில் யாருக்கும் தெரியாது.

இந்த வாரம்: இசகு பாலத்தின் மேல் எதிரியோடு சண்டை. முடியவில்லை.

ஜூன் 5, புதன்

கம்ப்ரசர் மறுபடி படுத்துவிட்டது. மெக்கானிக் வருவதாகச் சொன்னார். வரவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

பாலத்தின் மேல் சண்டை. இசகு வாளை உருவினான். எதிரி முறைத்தான். காற்று அடித்தது. இருவரும் சின்ன வயதை நினைத்துப் பார்த்தார்கள். எபிசோட் முடிந்துவிட்டது.

மிருதுளாவிடம் கேட்டேன். "வேற லெவல்ங்கப்பா" என்றாள். என்ன லெவல் என்று சொல்லவில்லை.

இந்தத் தொடருக்குள் நான் எப்படி வந்தேன் என்பதை எழுதிவிடுகிறேன். நான்கு வருடத்துக்கு முன் மிருதுளாவின் அம்மா திருப்பூரில் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். பத்து நாளில் திரும்புவதாக ஏற்பாடு. இன்னும் திரும்பவில்லை. சண்டை எதுவும் கிடையாது. போகிற அன்று வாசலில் நின்று, "செவுத்துகிட்டப் பேசுனா எதிரொலியாச்சும் வரும்ங்க. உங்ககிட்ட அதும் இல்ல" என்றாள். அது தப்பு. எங்கள் வீட்டுச் சுவரில் எதிரொலி வராது. நல்ல செங்கல்.

மிருதுளா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் அறைக்குள் லேப்டாப்போடு உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடப் போனேன். அழுத முகம். என்ன சொல்வது என்று தெரியவில்லை. திரையைக் காட்டி, "தொப்பி போட்ட ஆளு யாரு கண்ணு?" என்றேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள். சோறு ஆறிப்போகும் அளவுக்குச் சொன்னாள். மறுநாளும் போய் இன்னொரு ஆளைக் காட்டிக் கேட்டேன். அதில் நிறைய ஆட்கள்.

அப்போது அவளுக்கு அந்தத் தொடர் என்றால் உயிர். ஸ்கூல் பேக்கில் நாரை, ஜாமெட்ரி பாக்ஸில் நாரை. அந்தப் பொங்கலுக்கு வாசலில் பானைக்குப் பதில் நாரையைக் கோலமாகப் போட்டாள். பக்கத்து வீட்டில் கொக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் அறைச் சுவரில் வரைந்த நாரை இன்னும் இருக்கிறது. போன வருடம் வெள்ளை அடித்தபோது அந்த இடத்தை விட்டு அடிக்கச் சொன்னேன். சுண்ணாம்பு மிச்சம்.

ஜூன் 16, ஞாயிறு

பாலம்.

போனில் மிருதுளாவின் பக்கம் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ தும்மினார்கள். அடுத்தடுத்து இரண்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு ஒன்று. "யாரு கண்ணு?" என்றேன். "ரூம்மேட்டுங்கப்பா. சளி" என்றாள். விடுதியில் இப்போது அறையிலேயே தாளிக்க விடுகிறார்கள் போலிருக்கிறது. நல்ல விடுதி.

ஜூன் 19, புதன்

நிலையத்தில் பாலைச் சோதிக்கும் டெஸ்டர் நாச்சிமுத்து, "சார், ஞாயித்துக்கெழமையானா ஆளே வெளிய தெரியறதில்லயே, என்னங் பண்றீங்?" என்று கேட்டார். பேப்பர் படிப்பதாகச் சொன்னேன்.

ஜூன் 23, ஞாயிறு

பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டது. முன்பு இசகுவின் கழுத்துத் துணி சிவப்பா அரக்கா என்பதற்கே கால் மணி நேரம் சண்டை போடுவாள். நான் வேண்டுமென்றே அரக்கு என்பேன். இன்று, "அந்தத் துணி அரக்குதான கண்ணு?" என்று எடுத்துக் கொடுத்தேன். "இருக்கும்ங்கப்பா" என்றாள்.

தும்மல் உண்டு. ரூம்மேட்டுக்குச் சளி இன்னும் தீரவில்லை. மிளகு ரசம் வைத்துக் குடிக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

இன்றைய எபிசோடில் இசகு பாலத்தின் மேல் விழுந்து எழுந்தான். கெம்போ கீழே படகில் உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். பேசவில்லை. வலையில் ஒரு முடிச்சு தப்பாக விழுந்து, அவிழ்த்துத் திரும்பப் போட்டார். நன்றாக இருந்தது.

மிருதுளா போனை எடுத்ததும், "அப்பா, கெம்போ செத்தத என்னால தாங்கவே முடியல. நெம்ப அழுதுட்டேன்" என்றாள்.

"எப்பச் செத்தாரு?" என்றேன்.

"இன்னைக்குத்தானுங்கப்பா. அந்தச் சுழல்ல. நீங்க பாக்கலயா?"

"பார்த்தேன், பார்த்தேன்" என்றேன். "பாவம்."

வைத்த பிறகு எபிசோடைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கெம்போ வலை தைத்தார். சுழல் எதுவும் இல்லை. தண்ணீர் அசையவே இல்லை.

ஜூலை 2, செவ்வாய்

டேங்கருக்குக் காத்திருந்த நேரத்தில் செல்போனில் தேடினேன். விஷயம் இதுதான். படக்கதைப் புத்தகம் முன்னால் போகும், டி.வி. படம் அதன் பின்னால் வரும். புத்தகத்துக்கு மாங்கா என்று பெயர். "அந்தப் பக்கம் போயிராதீங்கப்பா, கத முன்னாடியே தெரிஞ்சு போயிரும்" என்று மிருதுளாதான் என்னிடம் சத்தியம் வாங்கினாள். நான் போகவில்லை. படம் பார்க்க நேரமில்லாதவர்களுக்காக ஒவ்வொரு வாரமும் கதைச் சுருக்கம் எழுதிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே பக்கத்தில் படத்துக்கும் சுருக்கம் இருக்கிறது, மாங்காவுக்கும் இருக்கிறது. அவசரத்தில் படித்தால் மாறிப்போகும்.

ஆக இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, மிருதுளா தொடரைப் பார்ப்பதில்லை. இரண்டு, கெம்போ சாகப்போகிறார்.

இரண்டாவதற்குத்தான் எனக்கு வருத்தம்.

ஜூலை 3, புதன்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். முதலாவதற்கும்.

ஜூலை 7, ஞாயிறு

எபிசோடைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பாலம். எதிரி சிரித்தான். கண் விழித்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் தூங்கியிருக்கிறேன்.

திரும்பப் போட்டுப் பார்க்கலாம் என்று ரிமோட்டை எடுத்தேன். கை போகவில்லை. யோசித்துப் பார்த்தால், பாலம் வந்ததிலிருந்தே எனக்கும் இது பிடிக்கவில்லை. அக்காவைத் தேடுவதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஒருத்தி காணாமல் போயிருக்கிறாள், இவர்கள் பாலத்தின் மேல் வீரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் கெம்போவுக்காகவும் பதினோரு மணிக்காகவும் பார்த்துக்கொண்டிருந்தேன். கெம்போவும் போகப்போகிறார்.

மிருதுளாவிடம் "விட்டுவிடலாம்" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவளுக்கு நிம்மதியாக இருக்கும். அதற்கடுத்த ஞாயிறு அவள் எதற்குக் கூப்பிடுவாள்? சாப்டீங்களாப்பா, ஆச்சு கண்ணு. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

"சண்டை நல்லா இருந்துச்சு" என்றேன். "ஆமாங்கப்பா" என்றாள். இருவரும் பார்க்காத எபிசோடைக் கொஞ்ச நேரம் பாராட்டினோம்.

ஜூலை 14, ஞாயிறு

நேற்றைய காற்றில் புளியமரம் கம்பி மேல் சாய்ந்து காலையிலிருந்து கரண்ட் இல்லை. எபிசோட் பார்க்க முடியவில்லை. சுருக்கத்தைப் படிக்கலாம் என்றால் செல்போனில் சார்ஜும் கொஞ்சம்தான். பதினோரு மணிக்கு அது அடித்தது.

"பாத்தீங்களாப்பா?"

"பார்த்தேன்" என்றேன். அதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, "கெம்போ எருமை மாடு வாங்குனாரு பாரு, அந்த எடம் நல்லா இருந்துச்சு" என்றேன்.

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது.

"ஆமாங்கப்பா" என்றாள். "செம சீனு."

செத்துப்போனதாக அவளே அழுத ஆள் எருமை வாங்குகிறார். அவளுக்கு அது செம சீன். நான் கோபப்பட்டிருக்க வேண்டும். மாறாக, மேலே பேச வேண்டும் போலிருந்தது. "சந்தையில தரகன் கெம்போவ ஏமாத்தப் பாக்கறான். கெம்போ பேசாம எருமையோட பல்லப் புடிச்சுப் பாக்கறாரு. தரகன் வெலைய எறக்கிட்டான்" என்றேன். "பேசாதவங்ககிட்ட யாவாரம் பண்றது செரமங்கப்பா" என்று சிரித்தாள். செல்போன் அணைந்துவிட்டது.

ஜூலை 18, வியாழன்

நாச்சிமுத்துவிடம், ஒரு எருமை திடீரென்று பால் கறக்காமல் போனால் காரணம் என்னவாக இருக்கும் என்று கேட்டேன்.

"யாரோட எருமைங் சார்?"

"தெரிஞ்சவரோடது. படகு ஓட்டறவர்."

"பவானிப் பக்கமா? கறக்கற ஆளு மாறியிருக்கும்ங். எருமைக்குப் பழகுன கை வேணும். வேற ஆளு மடியத் தொட்டா பால மேல இழுத்துக்கும். உட்டுக் குடுக்காது. ஊட்டம்மா கறந்துட்டு இருந்து, அவங்க ஊருக்குப் போயிட்டாங்கன்னா அவ்வளவுதானுங். அவங்க சீலையக் கட்டிக்கிட்டு உக்காந்து கறக்கற ஆம்பளைங்ககூட உண்டுங்."

இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் கேட்டது நல்லதாகப் போயிற்று.

ஜூலை 21, ஞாயிறு

டி.வி. போடவில்லை. காலையிலிருந்து கூடத்தில் நடந்துகொண்டே கதையைக் கோத்தேன்.

பதினோரு மணிக்குச் சொன்னேன். கெம்போ எருமையை வீட்டுக்கு ஓட்டி வருகிறார். அவர் சம்சாரம் கறக்கிறார். கெம்போ ஆற்றுக்குப் போகிறார், வருகிறார். சம்சாரம் எருமையோடு பேசிக்கொண்டே கறப்பார். ஊர்க் கதை எல்லாம் எருமைக்குத் தெரியும். ஒரு நாள் அந்தம்மா வேறு தீவுக்குப் போய்விடுகிறார். மறுநாள் கெம்போ சொம்போடு போய் உட்காருகிறார். எருமை பாலை மேலே இழுத்துக்கொண்டது. தவிடு வைத்துப் பார்க்கிறார், கழுத்தைச் சொறிந்து பார்க்கிறார். சொட்டுகூட இல்லை. கடைசியில் கொடியில் கிடந்த பழைய சேலையை எடுத்துச் சுற்றிக்கொண்டு, மேலே அந்த ஓலைத் தொப்பியோடு போய் உட்காருகிறார்.

மிருதுளா சிரித்தாள். கூட இன்னொரு சிரிப்பும் கேட்டது. அது சட்டென்று அடங்கிவிட்டது.

"அப்பறம்ங்கப்பா?" என்றாள்.

இந்த வார்த்தையை அவள் சொல்லிக் கேட்டு ரொம்ப நாளாயிற்று. எபிசோட் அதோடு முடிந்துவிட்டது என்று சொன்னேன்.

வைக்கும்போது தும்மல் கேட்டது. இரண்டு, இடைவெளி, ஒன்று. தாளிக்கும்போது வரமிளகாய் நெடிக்கு இப்படித் தும்முகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். உலகத்தில் இன்னும் பலர் இருக்கலாம்.

ஜூலை 24, புதன்

தும்மலைப் பற்றி ஒரு விஷயம். மிருதுளா சின்னப் பிள்ளையாக இருந்தபோது தும்மினால் அவள் அம்மா அடுப்படியிலிருந்தே "நூறு" என்பாள். அடுத்த தும்மலுக்கு "இருநூறு". நூறு வயது வாழட்டும் என்று எல்லா வீட்டிலும் சொல்வதுதான். மிருதுளாவின் அம்மா தும்மினால் சொல்வதற்கு வீட்டில் பெரியவர்கள் கிடையாது. நான் கூடத்தில் பேப்பரோடு இருப்பேன். "தும்முனா நூறுன்னு சொல்றதுக்கு ஒரு நாதி இல்ல இந்த ஊட்ல" என்று ஒரு தடவை சொன்னாள். பெரியவர்களுக்கும் சொல்ல வேண்டுமா என்பது எனக்கு அப்போது சரியாகத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

கம்ப்ரசர் ஓடுகிறது.

ஜூலை 28, ஞாயிறு

எபிசோட் பார்க்கும் சந்தா முடிந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டதாம். குறுஞ்செய்தி வந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

இன்றைய பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா, ஒரு சந்தேகம்" என்றாள் மிருதுளா. "கெம்போகிட்டத்தான் படகு இருக்குதே. தொழிலே அதானே. ஊரு பையன் அக்காவத் தேடறதுக்கெல்லாம் படகோட்டறாரு. அவரு சம்சாரத்தக் கூப்டப் போறதுக்கென்ன?"

கேட்பதற்கு முன் யாரோ பக்கத்தில் மெதுவாகச் சொல்வதும், அவள் "ம்" என்பதும் கேட்டது.

"யார் கேக்கறது?" என்றேன்.

"நாந்தானுங்கப்பா."

நான் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்தேன்.

"படகு இருந்துச்சு கண்ணு" என்றேன். "அந்தத் தீவு எங்க இருக்குதுன்னும் தெரியும். போயி என்ன பேசறதுன்னுதான் தெரியல. அதனால எருமைகிட்டயே நின்னுட்டாரு. நாலு வருசம் ஓடிப்போச்சு."

அந்தப் பக்கம் கடுகு வெடித்து அடங்கியது. யாரோ கரண்டியை வைத்தார்கள்.

"சரிங்கப்பா. வெச்சர்றேன்" என்றாள் மிருதுளா.

இதில் உள்குத்து எதுவும் இல்லை. கதை போகிற போக்கில் வந்தது. இருந்தாலும் மத்தியானம் சோறு இறங்கவில்லை. மோர் ஊற்றிக் குடித்துவிட்டுப் படுத்தேன். தூக்கமும் வரவில்லை.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப் பதினெட்டு

மிருதுளா காலையில் வந்தாள். கையில் தூக்குப்போசி. அரிசிம்பருப்புச் சாதம். எங்கே செய்தது என்று நான் கேட்கவில்லை. அவளும் விடுதி என்று சொல்லவில்லை. சாதத்தில் வரமிளகாய் கிள்ளாமல் முழுசாகக் கிடந்தது. அவள் அம்மா அப்படித்தான் போடுவாள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே கேட்டாள். "ஏனுங்கப்பா, ஜப்பான்ல எருமை கறப்பாங்களா?"

"தெரியல."

"முன்ன சேத்துல உழுகறதுக்கு வெச்சிருந்தாங்களாம். கறக்கறதெல்லாம் இல்லயாம். தேடிப் பாத்தேன். மொத நாள்லயே தெரிஞ்சுபோச்சுப்பா. எந்த எபிசோட்லயும் எருமையே இல்ல."

"அப்ப எதுக்குச் செம சீனுன்ன?"

"நீங்க எதுக்கு எருமை வாங்குனீங்க?"

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தோம். பிறகு அவளே சொன்னாள். தொடர் விட்டுப்போய் ஒரு வருடம் ஆகிறதாம். "புடிக்காம போயிருச்சுன்னு சொல்லவும் முடியல. ஒரு நாள் போட்டேன், எதுவுமே தோணல. அவ்ளோ அழுது பாத்ததெல்லாம் யாரோ பாத்த மாதிரி இருந்துச்சு. அத விட்டா நம்மகிட்டப் பேச என்னப்பா இருக்குது? அதனாலதான் சுருக்கம் படிச்சுட்டுக் கூப்டுவேன். நீங்க அவ்ளோ ஆசையாப் பாக்கறீங்களேன்னு."

"நானும் அதுக்குத்தான் பார்த்தேன்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு அழுதாள். இந்த முறை தொப்பி ஆளைக் காட்டிக் கேட்க முடியவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தேன். தலையில் எண்ணெயே இல்லை. சொன்னேன். "இப்பல்லாம் யாரும் வெக்கறதில்லப்பா" என்றாள்.

பிறகு மெதுவாக, "ஞாயித்துக்கெழம நான் விடுதில இருக்கறதில்லங்கப்பா" என்றாள்.

"தெரியும்."

"எப்படி?"

"ரூம்மேட்டுக்குச் சளி."

முகத்தை மூடிக்கொண்டாள். "திருப்பூர்ல இருந்துதான் ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுனேன். அம்மாவும் கேட்டுட்டுத்தான் இருக்காங்க. எருமை கறந்துச்சா, எருமை கறந்துச்சான்னு வாரமெல்லாம் எனக்குப் போன் பண்ணிக் கேக்கறாங்க. நாளைக்கு மாமா ஊட்ல விசேசம், பேச முடியாது. அடுத்த வாரம் சொல்லிருங்கப்பா."

"கெம்போ செத்துட்டாருன்னியே."

"ஆமாங்கப்பா. மாங்காவுல நெசமாலுமே செத்துட்டாரு."

"நம்ம கதைல சாகல" என்றேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

எருமைக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. நிலையத்தில் இரண்டு முறை பால் அளவைத் தப்பாக எழுதினேன். நாச்சிமுத்து திருத்தினார். "அந்தப் படகுக்காரரு எருமை என்னாச்சுங் சார்?" என்று அவரும் கேட்கிறார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பதினோரு மணி. செல்போன் அடித்தது. எடுத்தேன்.

"அப்பா, சொல்லுங்க" என்றாள் மிருதுளா. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

வாரம் முழுக்க யோசித்து ஒரு முடிவு வைத்திருந்தேன். வெள்ளம் வருகிறது, எருமை நீந்துகிறது, நிறைய ஏற்பாடுகள். வாயைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. "கெம்போ..." என்றேன். மறுபடி "கெம்போ..." என்றேன். அதோடு நின்றுவிட்டது. பழைய ஆளாக ஆகிவிட்டேன். அவ்வளவுதான், கையில் வந்தது போய்விட்டது என்று நினைத்தேன்.

அந்தப் பக்கம் எண்ணெய் காயும் சத்தம். கடுகு வெடித்தது. மிளகாய் விழுந்தது.

தும்மல்.

"நூறு" என்றேன்.

எண்ணெய்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இரண்டாவது.

"இருநூறு."

இடைவெளி. அந்த இடைவெளி எனக்குத் தெரியும். காத்திருந்தேன். வந்தது.

"முந்நூறு" என்றேன்.

அடுப்பை அணைத்தார்கள். பிறகு கோகிலவாணி, மிருதுளாவின் அம்மா, பேசினாள்.

"எருமை கறந்துச்சுங்களா இல்லீங்களா?"

"கறக்கல" என்றேன். "கெம்போ படக எடுத்துட்டாரு."

"எடுத்துட்டாருங்களா?"

"ம். காத்து மாறிருச்சு."

"எப்ப வந்து சேருவாராமா?"

"வர்ற ஞாயித்துக்கெழம. பதினோரு மணிக்குள்ள."

அவள் யோசித்தாள். மூக்கை உறிஞ்சினாள். அது மிளகாயாகவும் இருக்கலாம்.

"பழம் கிழமெல்லாம் ஒண்ணும் வாங்கியாற வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். "பேசறதுக்கு மட்டும் ஏதாச்சும் கொண்டாரச் சொல்லுங்க."

ஆகஸ்ட் 16, வெள்ளி

திங்கட்கிழமைக்கும் சேர்த்து லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். டைரியை மேசைக் காலுக்கு அடியில் திரும்ப வைக்கலாம் என்று பார்க்கிறேன். டி.வி. ரொம்பவே ஆடுகிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நாரைத் தீவு பார்க்கவில்லை. அந்த நேரம் திருப்பூர் பஸ்ஸில் இருந்தேன்.

பதினோரு மணிக்கு மிருதுளா கூப்பிடவில்லை. அவள் மாமா வீட்டில் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.